பள்ளிப் பாடத்தில் கணிமைச் சிந்தனை: டர்பன் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணிமைச் சிந்தனையைச் சேர்ப்பது பற்றி, டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெற்றோர், அரசுப் பள்ளி ஆசிரியர்கள், வார இறுதியில் தமிழ் வகுப்பு எடுப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. இதற்குப் புதியவர்கள் முதலிலிருந்து படிக்கலாம். ஏற்கெனவே வகுப்பெடுப்பவர்கள் நான்காம் கேள்வியில் தொடங்கினால் போதும்.

1. கணிமைச் சிந்தனைன்னா என்ன? கம்ப்யூட்டர் கத்துக்கிறதுதானே?

இல்லை. விவரம் தெரியாத ஒருவர், சொன்னதை மட்டும் அப்படியே செய்தாலும் வேலை முடிந்துவிட வேண்டும். அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லப் பழகுவதுதான் இது. வழக்கமாக நான்கு பழக்கங்களைச் சொல்வார்கள்: பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரிப்பது, முன்பு பார்த்ததோடு ஒத்திருப்பதை அடையாளம் காண்பது, இப்போதைக்கு வேண்டாத விவரங்களை ஒதுக்குவது, படிகளை வரிசையாக எழுதுவது. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தே ஆக வேண்டும்: எழுதியபடி நடக்காதபோது எந்தப் படியில் பிசகியது என்று தேடிப் பிடிப்பது. வகுப்பில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். பெரும்பாலும் மிகக் குறைவாக நேரம் கிடைப்பதும் இதற்குத்தான்.

இந்தச் சொல் பரவலானது 2006-இல் கணினி அறிவியலாளர் ஜனெட் விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. ஆனால் 1980-லேயே இதைப் பயன்படுத்தியவர் சீமோர் பாப்பர்ட். 1967-இல் பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை எழுதுவதற்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் பிறந்தது 1928-இல், நம் பிரிட்டோரியாவில்.

2. கோடிங் அண்டு ரோபாட்டிக்ஸ்னு ஒரு பாடம் வருதாமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

முழுக்க ஒன்றில்லை. கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் 9 வரைக்கான கோடிங் அண்டு ரோபாட்டிக்ஸ் வரைவை அடிப்படைக் கல்வித் துறை 2021 மார்ச்சில் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. அதன் தொடக்க வகுப்புப் பகுதியில் வடிவொழுங்கும் சிக்கல் தீர்த்தலும், படிமுறையும் (அல்காரிதம்) நிரலாக்கமும் (கோடிங்), ரோபோத் திறன், இணையமும் மின்தொடர்பும், பயன்பாட்டுத் திறன் என்று கூறுகள் பிரிக்கப்பட்டிருந்தன. கணிமைச் சிந்தனை முதல் இரண்டில் நேராக இருக்கிறது. மற்றவற்றுக்குக் கருவி வேண்டும்.

தனிப் பாடம் ஒன்று இருக்கிறது என்பதற்காகக் கணக்கு, அறிவியல், மொழி வகுப்புகள் இதிலிருந்து ஒதுங்கிவிடக் கூடாது. வாரம் ஒரு மணி நேரம் மட்டும் பழகுவது கையில் நிற்காது.

3. இருக்கிற பாடத்துக்கே நேரம் பத்தலை. இதுக்கு எங்கே நேரம்?

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். கேப்ஸ் எனப்படும் தேசியப் பாடத்திட்டத்தில் கிரேடு 4 முதல் 6 வரை வாரத்துக்கு 27.5 மணி நேரம்: தாய்மொழி 6, முதல் கூடுதல் மொழி 5, கணக்கு 6, அறிவியலும் தொழில்நுட்பமும் 3.5, சமூக அறிவியல் 3, வாழ்க்கைத் திறன் 4. கூட்டினால் சரியாக 27.5. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. கிரேடு 7 முதல் 9 வரையும் அதே 27.5 மணிதான், ஒன்பது பாடங்களுக்குப் பங்கு.

அதனால் புது நேரம் தேட வேண்டாம், இருக்கும் பாடத்தின் உள்ளேயே இடம் தேடுங்கள். மூன்று இடங்கள் தயாராக இருக்கின்றன. கணக்கில் வடிவொழுங்கு, சார்பு, இயற்கணிதப் பகுதியில் வரும் உள்ளீடு–வெளியீடு அம்புக்குறிப் படம் ஏற்கெனவே ஒரு சின்ன நிரல். உள்ளே போகும் எண், நடுவில் விதி, வெளியே வரும் எண். விதியை மறைத்து விடையை மட்டும் காட்டிக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். கிரேடு 7–9 தொழில்நுட்பப் பாடத்தில் ஆராய், வடிவமை, செய், மதிப்பிடு, எடுத்துச்சொல் என்ற ஐந்து படிகளில் 'மதிப்பிடு' என்பதைப் பிழை தேடும் நேரமாக்கலாம்.

மூன்றாவது மொழி வகுப்பு. செய்முறை எழுதுவது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பிரெட்டைக் குடைந்து குழம்பு ஊற்றும் நம் டர்பன் உணவான குவார்ட்டர் பன்னி சௌ செய்யும் முறையை எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளை வேறொரு பிள்ளை வாங்கி, அதில் இருப்பதை மட்டும் வெறும் கையால் நடித்துக் காட்ட வேண்டும். பிரெட்டைக் கால் பங்காக வெட்டச் சொல்ல மறந்திருப்பார்கள். நடுவைத் தோண்டும் முன்பே குழம்பை ஊற்றியிருப்பார்கள். தோண்டிய துண்டை என்ன செய்வது என்று எழுதியிருக்க மாட்டார்கள். இப்படி விடுபட்டவற்றைச் சேர்த்து இரண்டாம் முறை எழுதுவதுதான் பாடம். முதல் தாளுக்கு மதிப்பெண் போட்டு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

4. எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூமே கிடையாது. அப்புறம் எப்படி?

கிரேடு 3 வரைக்கும் கணினி தேவையே இல்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் குழுவினர் 1990-களிலேயே கணினி இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் பயிற்சிகளை உருவாக்கினார்கள். அந்த வழியில் முதல் பயிற்சி தரைக் கட்டம்.

தேவையானவை: ஒட்டும் காகித டேப் அல்லது சாக்பீஸ், 30 அட்டைகள், ஒரு பொருள் (பந்து, தண்ணீர்ப் போத்தல், எதுவும்). தரையில் 6×6 கட்டம் போடுங்கள், ஒரு கட்டம் ஒரு பிள்ளை நிற்கும் அளவு. அட்டைகளில் நான்கு கட்டளைகள் மட்டும்: முன்னே ஒரு கட்டம், வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, எடு. 'முன்னே' அட்டை 15, திரும்பும் அட்டைகள் ஆறு ஆறு, 'எடு' அட்டை 3. ஒரு பிள்ளை ரோபோ. மூன்று பேர் சேர்ந்து அட்டைகளை வரிசையாக அடுக்கி முடிக்கும்வரை ரோபோ அசையக் கூடாது. அடுக்கியபின் நடுவில் திருத்தவும் கூடாது. பொருளைச் சேராவிட்டால் ரோபோ தொடக்கக் கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் அட்டையை மாற்றலாம்.

5. கட்டத்துல நடக்கவிட்டோம், ஒரே குழப்பம். எங்கே தப்பு?

அநேகமாக மூன்றில் ஒன்று. முதலாவது, இடம் வலம். அட்டை அடுக்கும் பிள்ளை ரோபோவுக்கு எதிரே உட்கார்ந்தால் தன் வலத்தை ரோபோவின் வலம் என்று நினைக்கும். அடுக்குபவர்களை ரோபோவின் முதுகுப் பக்கம் உட்கார வையுங்கள். பழகிய பிறகு எதிரே மாற்றுங்கள். அப்போது ரோபோவின் கண்ணால் பார்க்க அவர்களே முயல்வார்கள்.

இரண்டாவது, திரும்பும்போதே ஒரு அடி எடுத்து வைத்துவிடுவது. திரும்புதல் என்றால் நின்ற கட்டத்திலேயே திரும்புவது மட்டும். மூன்றாவது, நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவது. நான்காம் கட்டத்தில் பொருள் இருந்தால் தேவை மூன்று அட்டை. பிள்ளைகள் நான்கு வைப்பார்கள். பெரியவர்கள் எழுதும் நிரல்களிலும் ஓயாமல் வருவது இந்த 'ஒன்று கூடுதல், ஒன்று குறைவு' பிழைதான். விடையைச் சொல்லிக் கொடுத்துவிடாமல், ரோபோவை ஒவ்வொரு அட்டைக்கும் நிறுத்தி, "இப்போது எங்கே நிற்கிறாய்?" என்று கேளுங்கள்.

6. பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரல. முதல்ல அதைப் பாருங்க.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சொல்வது சரி. பிர்ல்ஸ் 2021 என்ற பன்னாட்டு வாசிப்பு ஆய்வின்படி, இந்த நாட்டில் கிரேடு 4 பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்கு எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க இயலவில்லை. 2016-இல் அது 78. கணிமைச் சிந்தனைக்காக வாசிப்பு நேரத்திலிருந்து ஐந்து நிமிடம்கூட எடுக்கக் கூடாது. மூன்றாம் கேள்வியில் சொன்ன செய்முறை எழுதும் பயிற்சியும் ஏற்கெனவே எழுத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் நடப்பதுதான்.

ஆனால் வாசிக்கத் தெரிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. நான்காம் கேள்வியின் அட்டைகளில் கட்டளைகளை அம்புக்குறியாக வரைந்துவிட்டால் எழுத்து தேவையில்லை. டேப்லெட் இருந்தால் 5 முதல் 7 வயதுக்கான நிரலாக்கச் செயலியான ஸ்க்ராட்ச் ஜூனியரில் கட்டளைகளெல்லாம் படங்கள்தான். 'முதலில் எது, அடுத்து எது' என்று சொல்லப் பழகுவது கதையை ஒழுங்காகத் திருப்பிச் சொல்லவும் துணைசெய்யும். அதற்கு மேல் வாசிப்புச் சிக்கலையே இது தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

7. வார இறுதித் தமிழ் வகுப்புல இதைச் செய்ய முடியுமா?

நன்றாகவே முடியும். புள்ளிக் கோலத்தில் தொடங்குங்கள். 'நேர்ப்புள்ளி 7, 1 வரை' என்றால் நடு வரிசையில் 7, இரு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. 'ஊடுபுள்ளி 7, 4 வரை' என்றால் நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37. ஒரே வரியில் சொன்ன குறிப்பை 37 புள்ளியாக விரிப்பதே ஒரு படிமுறை. 'ஊடுபுள்ளி 9, 5 வரை எத்தனை?' என்று கேட்டு, வைத்துப் பார்க்கும் முன்பே சொல்ல வையுங்கள் (விடை 61). சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970-களில் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இது நம் வாசலில் இருந்து அந்தத் துறைக்குள் போன பொருள்.

அடுத்தது பல்லாங்குழி. 'கையில் முத்து இருக்கும்வரை அடுத்த குழிக்குப் போய் ஒன்று போடு' என்பது ஒரு சுழல். கை காலியானதும் அடுத்த குழியைப் பார்ப்பது ஒரு நிபந்தனை: முத்து இருந்தால் அள்ளித் தொடர், காலி என்றால் அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடு. 14 குழிகளுக்கும் எண் கொடுத்து விதிகளைத் தாளில் எழுதச் சொன்னால், 14-க்குப் பிறகு 15 இல்லை, மீண்டும் 1 என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நான்கு சேர்ந்தால் பசு என்று ஆடும் வீடுகளில் அந்தச் சோதனையை எங்கே எழுதுவது என்று வாக்குவாதம் வரும். ஒவ்வொரு முத்தும் விழுந்தவுடனே சோதிக்க வேண்டும், சுற்று முடிந்தபிறகு அல்ல. அந்த வாக்குவாதத்தைத் தடுக்காதீர்கள்.

8. ஸ்கூல் கமிட்டி கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கு. ரோபோ செட் வாங்கலாமா?

முதல் ஆண்டு வேண்டாம். ரோபோ வண்டிகள் பிழை தேடப் பழகாத வகுப்பில் சீக்கிரம் அலமாரிக்குப் போய்விடும். காரணம் எளிது: மோட்டாரை 'இவ்வளவு நேரம் ஓட்டு' என்று சொல்லித் திருப்பும் வண்டி, புது பேட்டரியில் சரியாகச் செங்கோணம் திரும்பும். பேட்டரி இறங்க இறங்க அதே நிரலில் குறைவாகத் திரும்பும். கோட்டைப் பின்பற்றும் வண்டி காலையில் ஓடும், ஜன்னல் வெயில் தரையில் விழும் பிற்பகலில் தடம் மாறும். நிரல் சரி, சூழல் மாறிவிட்டது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிடும்.

வாங்கியே தீர வேண்டுமானால் மைக்ரோபிட் போன்ற, நிரல் ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை மேல். 5×5 விளக்குகள், இரண்டு பொத்தான், அசைவுணரி எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இரண்டு ஏஏஏ பேட்டரி போதும். 40 பேர் வகுப்புக்கு நால்வருக்கு ஒன்று என 10 பலகை, கெட்டுப்போனால் மாற்ற 2. யுஎஸ்பி கேபிள்களை இன்னும் இரண்டு கூடுதலாக வாங்குங்கள், முதலில் பழுதாவது அவைதான். வெப்பநிலைப் பயிற்சி செய்யும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அது அளப்பது பலகையில் உள்ள சில்லின் (சிப்) வெப்பத்தை, எனவே அறை வெப்பத்தைவிடச் சற்று அதிகமாகக் காட்டும். ஒரு சாதாரண வெப்பமானியை அருகில் வைத்து வேறுபாட்டைக் கண்டு, நிரலில் கழிக்கச் சொல்லுங்கள். அதுவே நல்ல அறிவியல் பாடம்.

9. லோட் ஷெடிங், டேட்டா செலவு... இதெல்லாம் யார் பார்ப்பது?

இணையமும் மின்சாரமும் இல்லாமல் நடக்காத பாடத்தைத் திட்டத்தில் வைக்காதீர்கள். கட்டளைத் துண்டுகளை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருளைக் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். மொழிப் பட்டியலில் இசிசூலுவும் இசிகோசாவும் இருக்கின்றன, சூலு பேசும் பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதை மாற்றிக் கொடுங்கள். நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் உருவான டேங்க்ஸ் என்ற விளையாட்டில், பிள்ளைகள் அச்சிட்ட அட்டைகளை மேசையில் அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்தால் போதும். ஒரு குழுவுக்கு ஒரு போன். நான்காம் கேள்வியின் தரைக் கட்டத்தில் பழகியவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

10. எனக்கே கோடிங் தெரியாது. 40 பேரை வெச்சுக்கிட்டு எப்படி நடத்துறது?

நீங்கள் பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தால் போதும். விடை தெரியாத இடத்தில் "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வது இந்தப் பாடத்தில் குறையல்ல.

40 பேர் என்பதையே பயன்படுத்திக்கொள்ளலாம். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு, 'முன்னா, பின்னா' என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் 40 கேள்வி ஆகலாம். நடுப்பெயரைக் கேட்டுப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் ஆறுக்கு மேல் போகாது. 'ஏன் ஆறு? 80 பேர் இருந்தால்?' என்று கேளுங்கள். ஏழுதான். வகுப்பு இரட்டிப்பானாலும் ஒரே ஒரு கேள்விதான் கூடும் என்பது பிள்ளைகளை உண்மையாகவே வியக்கவைக்கும்.

11. ஸ்க்ராட்ச்ல பூனையை ஓடவிட்டு விளையாடுறாங்க. எதுவும் கத்துக்கிட்ட மாதிரி தெரியலையே?

வெறும் திரையைக் கொடுத்து 'ஏதாவது செய்' என்றால் அப்படித்தான் ஆகும். ஆறேழு கட்டளை உள்ள, ஓடக்கூடிய நிரலைக் கொடுங்கள். முதலில் ஓட்டாமலே என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதியதற்கும் நடந்ததற்கும் வேறுபாடு ஏன் என்று இருவர் பேச வேண்டும். அடுத்து ஒரு எண்ணையோ ஒரு கட்டளையையோ மாற்ற வேண்டும். கடைசியில்தான் சொந்தமாக ஒன்று. இங்கிலாந்தில் சூ சென்டன்ஸ் குழுவினர் பிரிம் என்று பெயரிட்ட முறை இதுதான். முதல் படியைத் தவிர்த்தால் மற்றவை பயன் தராது.

12. மார்க் எப்படிப் போடுறது? பாதிப் பேர் பக்கத்துப் பையனைப் பார்த்துச் செய்றாங்க.

முடிந்த நிரலுக்கு மார்க் போடாதீர்கள். ஒரு பிழை வைத்த நிரலைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். 10 மதிப்பெண்ணைப் பிரித்தால்: இது ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு 3, பிழை எந்த வரி என்பதற்கு 3, திருத்தத்துக்கு 2, 'ஏன் அது பிழை' என்று ஒரு வாக்கியத்துக்கு 2. பிழையின் இடத்தை மட்டும் மாற்றி நான்கு வகைத் தாள் அச்சிட்டால் பார்த்து எழுதுவது பயன்படாது. வைக்கத்தக்க பிழைகள் ஐந்தாம் கேள்வியில் இருக்கின்றன.

13. இதைப் படிச்சா கணக்குல மார்க் ஏறுமா? உண்மையைச் சொல்லுங்க.

தானாக ஏறாது. 1984-இல் ராய் பீ, மிடியன் கர்லண்டு இருவரும் லோகோ படித்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, திட்டமிடும் திறன் வேறு வேலைகளுக்குத் தானாகக் கடந்து போகவில்லை என்று கண்டார்கள். இங்கிலாந்தில் ஸ்க்ராட்ச்மேத்ஸ் என்ற பெரிய சோதனையின் முடிவு 2018-இல் வந்தது: கணிமைச் சிந்தனை வளர்ந்தது, தொடக்கப்பள்ளி இறுதிக் கணக்குத் தேர்வில் கூடுதல் முன்னேற்றம் இல்லை.

எனவே கணக்கு மார்க்கைக் காட்டி இதை விற்பது தவறு. தெளிவாகச் சொல்வதும், தன் பிழையைத் தானே தேடுவதும் அவற்றின் அளவிலேயே மதிப்புள்ளவை. கணக்குக்கும் பயன்பட வேண்டுமானால் கணக்கு வகுப்பின் உள்ளே, கணக்கின் பொருளைக் கொண்டே நடக்க வேண்டும். மூன்றாம் கேள்வியில் தனிப் பாடத்தை நம்பாமல் இருக்கிற பாடங்களுக்குள் இடம் தேடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

14. ஏஐ-யே கோடு எழுதிக் கொடுக்குது. இனி எதுக்கு இது?

எழுதிக் கொடுத்தது சரியா என்று பார்க்க ஆள் வேண்டும். 'லீப் ஆண்டா என்று சொல்லும் நிரல்' கேட்டு வாங்குங்கள். 2024 கொடுத்தால் ஆம், 2023 கொடுத்தால் இல்லை. இத்துடன் நிறுத்துபவர்கள் ஏமாறுவார்கள். 1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு. இந்த நான்கையும் சோதனைக்கு வைக்கத் தெரிந்த கிரேடு 8 மாணவருக்கு, நிரலை யார் எழுதினாலும் கவலையில்லை.

15. கிரேடு 10-ல ஐடி எடுக்கவா, கேட் எடுக்கவா?

கேட் (கணினிப் பயன்பாட்டுத் தொழில்நுட்பம்) என்பது சொல்செயலி, விரிதாள், தரவுத்தளம், கொஞ்சம் வலைப்பக்கம். ஐடி-யில் (தகவல் தொழில்நுட்பம்) நிரலாக்கம்தான் மையம், அரசுத் தேர்வில் நெடுங்காலமாக டெல்ஃபி என்ற நிரல் மொழி. நிரல் எழுதுவதில் விருப்பம் உள்ளவருக்கு ஐடி. ஆனால் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கப் பொதுவாகக் கேட்பது கணக்குப் பாடத்தை, அதற்கு மாற்றாக உள்ள எளிய பாடமான கணித எழுத்தறிவை ஏற்க மாட்டார்கள். பள்ளியில் ஐடி இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம், கணக்கை விட்டுவிடாதீர்கள்.

16. ஸ்க்ராட்ச்ல 'தமிழ்'னு போட்டு நீளம் கேட்டா 5னு வருது. மூணு எழுத்துதானே? சாஃப்ட்வேர் தப்பா?

தப்பில்லை. அது எண்ணுவது, கணினி எழுத்தைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோட் குறியீடுகளை. 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. நாம் எண்ணுவது எழுத்தை. கிரேடு 7-க்கு மேல் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

திருத்தம் இப்படி: ஒரு பட்டியலில் 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 12 குறிகளைப் போடுங்கள். சொல்லின் ஒவ்வொரு குறியையும் எடுத்து, அது பட்டியலில் இல்லையென்றால் மட்டும் எண்ணிக்கையில் 1 கூட்டுங்கள். சோதனைச் சொற்கள்: 'டர்பன்' 4, 'ஃபீனிக்ஸ்' 5. இரண்டும் சரியாக வந்ததும் 'ஔவை' கொடுங்கள். 2 வர வேண்டும். 3 வந்தால் நிரலில் பிழை தேடாதீர்கள், தட்டச்சைப் பாருங்கள்: ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அடுத்து 'ஸ்ரீ' கொடுத்தால் நிரல் 2 என்று சொல்லும். அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை வகுப்பே பேசி முடிவு செய்து, ஒன்று என்றால் அதற்கு ஒரு தனி விதி எழுதட்டும்.